கொடி போட்ட கை

எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று இருந்தது. நோயாளியின் கையில் சேலைன் ஏற்ற ஊசி குத்தி ஒருவர் இரண்டு முறை தவறிவிட்டால் மூன்றாம் முறை குத்தக் கூடாது; ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட வேண்டும். காய்ச்சலில் வற்றிப்போனவர்கள், மாணிக்கக் குழியில் மண் சரிந்து தூக்கி வரப்பட்டவர்கள், கொழுகொழுவென்ற கைக்குழந்தைகள் என்று யாராக இருந்தாலும் கடைசியில் "அக்காவுக்குச் சொல்லுங்க" என்று ஒரு குரல் வரும். நான் போவேன். முழங்கை மடிப்பில் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வேன். தோலுக்கடியில் நரம்பு இருந்தால் அழுத்தும்போது அமுங்கும், விரலைத் தளர்த்தும்போது எழும்பும். புத்தகத்தில் அதற்கு நாளம் என்று பெயர். எங்கள் வாயில் எல்லாம் நரம்புதான். கண்டுபிடித்த பிறகு குத்துவது ஒரு நொடி வேலை. இதில் எனக்குத் தலைக்கனம் இருந்தது. இல்லை என்று நான் சொன்னால் எங்கள் பிரிவில் கட்டில் தள்ளுகிறவர்கூடச் சிரிப்பார்.

அதனால்தான் வலது கையின் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போகத் தொடங்கியபோது நான் யாருக்கும் சொல்லவில்லை. முதலில் விடிகாலையில் மட்டும் மதமதவென்று இருந்தது. கையை உதறினால் போய்விடும். பிறகு உதறினாலும் போகவில்லை. எதைத் தொட்டாலும் துணி சுற்றிய விரலால் தொட்டது போல் இருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் "தள்ளிப்போடாம ஒடனே வந்து காட்டுங்க" என்று உபதேசம் செய்கிற வாய், தன் விஷயத்தில் இறுக மூடிக்கொண்டது.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. என் அம்மா தெஹியோவிட்டப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள். பட்டையை எவ்வளவு ஆழம் சீவுவது என்பது கண்ணுக்குத் தெரிகிற விஷயமில்லை, கைக்குத்தான் தெரியும். கூடினால் மரத்தில் காயம். குறைந்தால் பால் வராது. நான் பதினாறு வயதில் ஓ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அவளுக்கும் இதே மூன்று விரல்கள் மரத்துப்போயின. மூச்சு விடாமல் ஆறேழு மாசம் சமாளித்தாள். வரிசையாகக் காயம்பட்ட மரங்களைப் பார்த்த கங்காணி ஒரு நாள் அவள் கத்தியை வாங்கிக்கொண்டு புல்லு வெட்ட அனுப்பிவிட்டார். கையைக் காட்டு, என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றைக்கு அம்மா சோறு தின்னவில்லை. விரல் போனால் கத்தியும் போகும் என்று நான் அன்று படித்துக்கொண்டேன். ஓ.எல். பாடங்களில் பாதி மறந்துவிட்டது, இது மறக்கவில்லை.

ஊசி ஏற்ற முடியாத தாதியை அவசரப் பிரிவில் எதற்கு வைத்திருப்பார்கள்? எங்காவது ஒரு மேசையில் உட்கார்ந்து துண்டுச்சீட்டு எழுதப் போட்டுவிடுவார்கள். எனக்கு அந்தப் பிரிவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக ஆறு மாசம் தந்திரம் பண்ணினேன். நன்றாகப் புடைத்துத் தெரிகிற கைகளை முந்திக்கொண்டு எடுத்தேன். கஷ்டமான கைகளுக்குக் கூப்பிட்டால் வேறு வேலை இருப்பதாகச் சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் கருவி வந்தது. பல்கலைக்கழகமொன்றில் பொறியியல் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் அதைச் செய்திருந்தாள். ஆஸ்பத்திரிக் கமிட்டியின் அனுமதியோடு எங்கள் பிரிவுத் தாதிகளிடம் கொடுத்துச் சோதிக்க வந்தாள். மாட்டு லாடத்தின் வடிவம், ஏறக்குறைய அதே அளவு. உள்விளிம்பில் சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள். கையில் வைத்து அமுக்கினால் தோல் உள்ளிருந்தே சிவந்து ஒளிரும். இரத்தம் ஓடுகிற நரம்பு மட்டும் கறுத்த கோடாகத் தெரியும். லாடத்தின் திறந்த பக்கத்தில் ஊசியை நுழைக்க இடம். அவள் அதற்கு நீளமாக ஏதோ ஆங்கிலப் பெயர் வைத்திருந்தாள். முதல் நாளே நாங்கள் அதை லாடம் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டோம். சிங்களத்திலும் ஏறக்குறைய அதே சொல்தான் என்பதால் யாருக்கும் சிரமமில்லை.

எங்கள் பிரிவில் பேச்செல்லாம் சிங்களம். தமிழ்ப் பெயரோடு இருக்கிற ஒரே தாதி நான். இங்கே அவர்கள் பேசியதைத் தமிழில்தான் எழுதுகிறேன்.

"பாராட்டு வேணாம் மிஸ், திட்டுங்க," என்று அந்தப் பெண் முதல் நாள் எங்களிடம் சொன்னாள். "எது வழுக்குது, எது கண்ணக் கூசுது, எங்க பிழை வருது, எல்லாம் எழுதுங்க. இங்க பிழை வந்தா நான் திருத்தலாம். வித்த பிறகு பிழை வந்தா திருத்த ஏலாது." எனக்கு அவளைப் பிடித்துப்போனது. திட்டச் சொல்லிக் கேட்கிறவர்கள் எங்கள் பக்கம் குறைவு.

சோதனை மூன்று கட்டமாக நடந்தது. முதலில் இறப்பர் கை. அதற்குள் சிவப்பு மை ஓடும் குழாய் இருந்தது. அடுத்தது, ஊசியில்லாமல் ஒருவர் கையில் ஒருவர் லாடத்தை வைத்துப் பார்ப்பது. கடைசியாக, எப்படியும் ஊசி ஏற்ற வேண்டியிருக்கிற, ஆபத்தில்லாத நிலையில் உள்ள, சம்மதிக்கிற நோயாளிகள். ஒவ்வொரு முறைக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும்: எத்தனை தடவை குத்தினீர்கள், தவறியிருந்தால் ஏன்.

பலாங்கொடைக்காரரான ஓர் ஆண் தாதி எங்கள் பிரிவில் இருக்கிறார். என்னைவிட ஒரு வயது இளையவர், "அக்கே" என்றுதான் கூப்பிடுவார். எனக்கும் அவருக்கும் பத்து வருஷப் போட்டி. யார் முதல் குத்தில் ஏற்றவில்லையோ அவர் கன்டீனில் மாலு பான், அதாவது மீன் வைத்த பன், வாங்கித் தர வேண்டும். அந்த ஆறு மாசத்தில் அவர் நிறைய மாலு பான் தின்றிருந்தார்.

"என்ன அக்கே, என்னக் கொழுக்க வைக்கிறதா முடிவா?" என்று ஒரு நாள் கேட்டார். வயசாகிறது என்று சொல்லி மழுப்பினேன்.

லாடம் வந்த வாரத்தில் நிலைமை மாறியது. இறப்பர் கையில் ஆறுக்கு ஆறு எனக்குச் சரியாக வந்தது. ஏனென்றால் தொட்டுப் பார்க்கத் தேவையில்லை, பார்த்தால் போதும். கறுத்த கோடு தெரிந்தது, அதன்மேல் குத்தினேன். அன்றைக்குப் பஸ்ஸில் பெல்மதுளைக்கு, வீட்டுக்கு வரும்போது நான் எனக்குள் பாடிக்கொண்டே வந்தேன். விரல் போனால் போகட்டும், கண் இருக்கிறது. இந்த லாடம் பிரிவுக்கு நிரந்தரமாக வந்துவிட்டால் என் வண்டவாளம் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. மற்றத் தாதிகள் அதில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தபோது நான் ஒருத்திதான் படிவம் படிவமாகப் புகழ்ந்து எழுதினேன். திட்டச் சொன்னவளுக்கு அது உதவாது என்று தெரிந்தேதான் எழுதினேன்.

மூன்றாம் கட்டம் தொடங்கி இரண்டாம் நாள், ஓப்பநாயக்கப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கொழுந்து லொறியில் ஐந்து பேரை ஏற்றி வந்தார்கள். மலையில் கொழுந்து எடுக்கும்போது குளவி கலைந்து கொட்டியிருந்தது. ஒருவருக்கு மூச்சு வாங்கியது. டாக்டர்மார் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். மற்ற நால்வரும் தேறியிருந்தார்கள், மருந்து ஏற்றிச் சில மணி நேரம் பார்த்துக்கொண்டால் போதும். அதில் அறுபதைத் தொட்ட ஒரு பெண் நான் பார்க்கிற கட்டிலுக்கு வந்தார். லயத்து வரிசை வீடுகளின் வழக்கப்படி கொட்டிய இடமெல்லாம் மஞ்சளை அரைத்து அப்பியிருந்தார்கள். இரண்டு கையும் தோள்பட்டை வரைக்கும் மஞ்சள்.

சம்மதப் பத்திரத்தைத் தமிழில் வாசித்து, புதுக் கருவி, விருப்பமில்லாவிட்டால் சொல்லலாம் என்று விளக்கினேன்.

"குத்துறது எப்புடியும் குத்தத்தானேங்க போறீங்க மிஸ்ஸி," என்றார். "லைட்டு வச்சுக் குத்துனா என்ன, வைக்காம குத்துனா என்ன. குளவிகிட்ட யாரும் கையெழுத்துக் கேக்கலீங்க."

சிரித்துக்கொண்டே கையைத் துடைத்தேன். மஞ்சள் கரைந்ததே தவிர நிறம் போகவில்லை. லாடத்தை வைத்து அமுக்கினேன். முன்கையின் உட்பக்கத்தில், லாடத்தின் நடுவில், இரண்டு விரல் நீளத்துக்கு, கோடு போட்ட மாதிரி ஒரு நேரான நரம்பு தெரிந்தது. அவ்வளவு அழகான நரம்பை நான் இறப்பர் கையில்கூடப் பார்த்ததில்லை. பழக்கதோஷத்தில் விரலை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. மரத்த விரலுக்குத்தான் எதுவும் தெரியாதே என்று எடுத்துவிட்டேன். குத்தினேன்.

இரத்தம் வரவில்லை. கொஞ்சம் சாய்த்து உள்ளே தள்ளினேன். அப்போதும் வரவில்லை. பொறியியல்காரப் பெண் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பலாங்கொடைக்காரர் அடுத்த கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

நோயாளி என்னை மட்டும் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "அதுல ரத்தம் வராதுங்க மிஸ்ஸி. அது பச்சைங்க. சின்னப் புள்ளையில குத்துன கொடி."

லாடத்தைத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தேன். மஞ்சள் கறைக்கு அடியில், வெயிலில் மங்கி, தோலோடு தோலாகப் போன ஒரு கொடி. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒரு தண்டு, இரண்டு பக்கமும் அழிந்துபோன இலைகள். என் அம்மாவின் இடது கையிலும் அதே கொடிதான் இருக்கிறது. பிறந்தது முதல் அந்தக் கையில் சோறு தின்றவள் நான். எங்கள் பிரிவில் வேறு யார் ஏமாந்தாலும் நான் ஏமாறக் கூடாத இடம் அது. விரலில் உணர்ச்சி இருந்திருந்தால் அடியில் நரம்பே இல்லை என்று தொட்டவுடன் தெரிந்திருக்கும்.

"என்ன சொல்றாங்க?" என்று அந்தப் பெண் சிங்களத்தில் கேட்டாள்.

அவர் சொன்னது எனக்கு மட்டும்தான் புரிந்திருந்தது. "வலிக்குதாம்," என்றேன் சிங்களத்தில். "கைய அசைச்சிட்டாங்க. அதான் தவறிருச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்துத் தோட்டத்து ஆட்களுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. கடைத்தெருவில், பஸ்ஸில், கோயில் திருவிழாவுக்கு வருகிற பக்கத்துக் கிராமத்தாரோடு என்று நாளெல்லாம் பேசுகிறவர்கள். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை, ஒரு ஆச்சரியம் மட்டும்தான் இருந்தது. மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. பலாங்கொடைக்காரர் வந்து மறு கையின் புறங்கையில் ஊசி ஏற்றும்வரை அந்த அம்மா அந்தக் கையை மரக்கட்டை போல ஆடாமல் அசையாமல் வைத்துக்கொண்டிருந்தார். மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விட வேண்டும் போலிருந்தது. ஆனாலும் படிவத்தில் 'நோயாளி கையை அசைத்தார்' என்ற கட்டத்தில் சரி போட்டேன்.

நானும் அம்மாவும் பெல்மதுளைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருக்கிறோம். அன்று சாயந்தரம் அம்மா பால் ஊற்றாத சாயத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். நீட்டியது இடது கை. வலது கையில் சுடுகிற டம்ளரைப் பிடிக்க அவளால் முடியாது. கொடி கண்ணுக்கு நேரே வந்து நின்றது. நான் இரண்டு கையாலும் டம்ளரை வாங்கினேன். வேலை எப்படி என்று கேட்டாள். நல்லா இருக்கு என்றேன். அவள் எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டம்ளரைக் கையில் வைத்தபடியே யோசித்தேன். இந்த லாடம் நாளைக்கு நாடு முழுக்கப் போகும். தோட்டத்துக் கைகளில், கொடியிலும் கோலத்திலும் யார் யாரோ குத்துவார்கள். இரத்தம் வராததற்குக் கை அசைந்தது என்று எழுதுவார்கள். கையை நீட்டியவள் பேசாமல் இருப்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று, ஆனால் அந்தச் சோற்றைத் தின்னப் போவது என் அம்மா மாதிரியான பெண்கள். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் வேலை தொடங்க முந்தியே போய், பொறுப்புச் சிஸ்டரும் அந்தப் பெண்ணும் இருக்கும்போது சொன்னேன். "அந்தம்மாவோட கை அசையல. நான் பொய் சொன்னேன்," என்று ஆரம்பித்து, பச்சையைச் சொல்லி, விரலைச் சொல்லி முடித்தேன்.

பொறியியல்காரப் பெண் உடனே நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். மை என்றால் எந்த மை, எத்தனை பேருக்கு இருக்கும், எந்தப் பக்கம் என்று கேள்விமேல் கேள்வி. நான் சொன்ன பொய்யைப் பற்றி அவள் கேட்கவேயில்லை. கேட்டது சிஸ்டர்.

"எத்தன மாசம்?"

"ஆறு."

"ஆறு மாசமா ஒணர்ச்சியில்லாத கையால நோயாளிக்குக் குத்தியிருக்கீங்க."

"ஓம் சிஸ்டர்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அன்றைய வேலைக்கு நான் எடுத்து வைத்திருந்த ஊசித் தட்டை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார். "இன்னைக்கிருந்து ஊசி தொட வேணாம். பதிவு மேசையில இருங்க," என்றார். கங்காணி கத்தியை வாங்கியது எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் அவர் அத்தோடு நிற்கவில்லை. "கையக் காட்டுங்க," என்றார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெருவிரலுக்குக் கீழே சதை வற்றத் தொடங்கியிருந்ததை எனக்குக் காட்டினார். அதை நான் பார்த்ததேயில்லை. அரைமணி நேரத்தில் என்னைக் கிளினிக்குக்கு அனுப்பிவைத்தார்.

டாக்டர் மணிக்கட்டை மடக்கச் சொன்னார், விரலால் தட்டினார், பிறகு கரண்ட் வைத்து ஒரு சோதனை. மணிக்கட்டுக்குள் உணர்ச்சி நரம்பு நெரிபடுகிறது, சின்ன ஆபரேஷன் செய்தால் விட்டுவிடும் என்றார். நான் எத்தனையோ பயங்கர வியாதிகள் எனக்கு இருப்பதாக நினைத்துப் பயந்திருந்தேன். "இருபத்திரண்டு வருஷம் தாதி, இது தெரியாதா?" என்று அவர் கேட்டார். தெரியும். இன்னொருவர் கை என்றால் வாசலிலேயே கண்டுபிடித்திருப்பேன்.

ஆபரேஷனுக்கு முன்னும் பின்னுமாக மூன்று மாசம் பதிவு மேசையில் இருந்தேன். பெயர், வயது, ஊர் என்று இடது கையால் எழுதினேன். என் எழுத்தைப் பார்த்து மருந்தகத்தில் புகார் வந்தது. கூப்பிடுகிற குரல் கேட்கும், நான் எழுந்து போகக் கூடாது. அது கஷ்டமாகத்தான் இருந்தது. பலாங்கொடைக்காரர் தினமும் ஒரு மாலு பான் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"பந்தயம் இல்லாம எதுக்கு?" என்று கேட்டேன்.

"நொண்டிக் குதிரையோட ஓடி ஜெயிச்சதெல்லாம் திருப்பித் தர வேணாமா?" என்றார். கண் கலங்கிவிட்டது, பானுக்குள் இருந்த மிளகாய் என்று சொல்லிவைத்தேன்.

கட்டு அவிழ்த்த வாரத்தில் ஓப்பநாயக்கவுக்கு பஸ் ஏறினேன். பதிவேட்டில் தோட்டத்தின் பெயர் இருந்தது. அந்த அம்மா லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டவுடன் கோடரியை வைத்துவிட்டுச் சேலையில் கையைத் துடைத்தார்.

"ஒங்க கை அன்னைக்கு அசையலீங்க," என்றேன். "நான்தான் மாத்திச் சொன்னேன். அத அவங்ககிட்டயும் சொல்லிட்டேன். ஒங்ககிட்டயும் சொல்லணும்னு வந்தேங்க."

"நான் வீட்டுக்கு வந்து யோசிச்சேங்க," என்றார். "ஒருவேள எனக்குத் தெரியாமயே அசைஞ்சிருச்சோன்னு." பிறகு, "இத சொல்லவா இவ்வளவு தூரம் பஸ்ஸு புடிச்சு வந்தீங்க? உக்காருங்க, தேத்தண்ணி குடிங்க," என்று உள்ளே போனார். நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். தேத்தண்ணி வருவதற்குள் துடைத்துக்கொண்டேன்.

இன்னொரு உதவியும் கேட்டேன். லாடத்தைத் திருத்திவிட்டார்கள், பச்சை குத்திய கைகள் வேண்டும், ஊசி கிடையாது, வெளிச்சம் மட்டும்தான். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வாசலிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

குறித்த நாளில் அவரோடு ஆறு பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கினார்கள். எல்லோரும் நல்ல சேலை, தலையில் பூ. ஒருத்தி கையில் கோலம், ஒருத்தி கையில் தேள், ஒருத்தி கையில் இறந்துபோன புருஷன் பெயர். பொறியியல்காரப் பெண் ஒவ்வொரு கையாகப் படம் எடுத்துக் குறித்துக்கொண்டாள். புது லாடத்தில் ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினால் சிவப்பு வெளிச்சம் வெள்ளையாக மாறும். வெள்ளையில் மறைகிற கோடு நரம்பு, மறையாமல் நிற்கிற கோடு பச்சை. புதுப் படிவத்தில் முதல் கேள்வி தமிழிலும் இருந்தது. 'கையில் பச்சை குத்தியிருக்கிறீர்களா?' அதை எழுதிக் கொடுத்தவள் நான். அந்த அம்மா தன் கொடிக் கையை நீட்டி, கறுத்த கோடு வெள்ளையிலும் நிற்பதைப் பார்த்துவிட்டு, "இப்ப இதுக்குப் புத்தி வந்துருச்சுங்க," என்று சிங்களத்தில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

என் அம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன். அவள் கடைசியாக வந்து உட்கார்ந்து இடது கையை நீட்டினாள். லாடத்தை வைத்தேன். இரண்டு கோடு தெரிந்தது. பொத்தானை அமுக்கினேன். ஒன்று மறைந்தது, கொடி நின்றது. லாடத்தை எடுத்துவிட்டு, மறைந்த கோடு இருந்த இடத்தில் கண்ணை மூடி இரண்டு விரலை வைத்தேன். அமுங்கியது. எழும்பியது. மறுபடியும் வைத்துப் பார்த்தேன்.

"வெரலு வந்துருச்சா?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

நான் அவளிடம் விரலைப் பற்றிச் சொன்னதேயில்லை. மணிக்கட்டில் சின்னக் கட்டி, அதற்குத்தான் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தேன்.

"ஒனக்கு எப்புடிம்மா தெரியும்?"

"ரெண்டு கையால டம்ளரு வாங்குனப்பவே தெரியும். நானும் அப்புடித்தானே வாங்குனேன்."

"அப்ப ஏம்மா கேக்கல?"

"கேட்டா வெளிய தெரிஞ்சுரும். தெரிஞ்சா ஒன்னையும் புல்லு வெட்டப் போட்டுருவாங்கன்னு பயந்துகிட்டு இருந்தேன்."

பிறகு அவள் மடியில் வைத்திருந்த வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். பெருவிரலுக்குக் கீழே சதை முழுக்க வற்றிப் பள்ளமாக இருந்தது. "அந்த டாக்டர் இதயும் பாப்பாராடி?" என்று கேட்டாள். "முப்பது வருஷமாயிருச்சு. இப்ப காட்டுனா ஆகுமா?"

கையைக் காட்டு என்று அம்மாவை ஒருவரும் கேட்கவில்லை என்று மேலே எழுதினேன். அந்த ஒருவரில் நானும் சேர்த்திதான். இருபத்திரண்டு வருஷம் ஊரார் கையைத் தடவிப் பார்த்தவள், எனக்குச் சோறு போட்ட கையை ஒரு நாளும் திருப்பிப் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன்.

டாக்டர் நெடுநேரம் பார்த்தார். நாள் கடந்துவிட்டது, முழுதாக வராது, ஆபரேஷன் செய்தால் கொஞ்சம் வரலாம் என்றார்.

"கொஞ்சம்னா எவ்வளவுங்க?" என்று அம்மா அவருடைய சிங்களத்திலேயே கேட்டாள்.

"சட்டைப் பொத்தான நீங்களே போட்டுக்கலாம். டம்ளர வலது கையில புடிக்கலாம்."

"அப்ப அது போதும்," என்றாள் அம்மா.

ஆபரேஷன் தேதி எழுதிய துண்டுச்சீட்டை டாக்டர் என்னிடம் நீட்டினார். அம்மா இடையில் கையை நீட்டி அதை வாங்கி, மடித்து, தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். "ஒன்கிட்டக் குடுக்க மாட்டேன்," என்றாள். "நீ ஒளிச்சு வைக்கிற ஆளு."